ஏழு, பத்தில் எட்டு

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னின் 'கடலுக்கடியில் 20,000 லீக்' என்ற நீர்மூழ்கிக் கதையில், கேப்டன் நெமோ தன் நாட்டிலஸ் கப்பலைப் பற்றிப் பேராசிரியருக்கு விளக்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. கதை வேகமாக நகர வேண்டும் என்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நீளம் 70 மீட்டர், நடுவில் அகலம் 8 மீட்டர், வெளிப்பரப்பு 1,011.45 சதுர மீட்டர், கன அளவு 1,500.2 கன மீட்டர் என்று நெமோ அடுக்கிக்கொண்டே போவார். நடுவே, கப்பல் கட்டிய எஃகின் அடர்த்தி தண்ணீரோடு ஒப்பிட்டால் "செத், உயீ திஸியேம்" என்பார். ஏழு, பத்தில் எட்டு. அதாவது 7.8. எஃகுக்கு இன்றைக்கும் அதே எண்தான்.

1870களில் வந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்தக் காற்புள்ளியில் தடுக்கி விழுந்தது. 0.7 முதல் 0.8 வரை என்று எழுதிவிட்டார்கள். தக்கை மாதிரி மிதக்கும் எஃகு! போதாததற்குப் புத்தகத்தில் ஏறக்குறைய கால் பங்கை வெட்டியும் எறிந்தார்கள். வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி கணக்கும் அறிவியலும்தான். வெர்ன் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கான சாகசக் கதைக்காரர் என்ற பெயர் ஆங்கிலம் வழியாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த சுருக்கங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊர் புதுச்சேரி. மூலம் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அந்த ஒரு அத்தியாயத்தை மட்டுமாவது பிரெஞ்சில் எடுத்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு படிக்கலாம். வெளி ஓட்டின் தடிமன் 5 சென்டிமீட்டர் என்கிறார் நெமோ. 1,011.45-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 50.57 கன மீட்டர் எஃகு. அதை 7.8-ஆல் பெருக்கினால் 394.5 டன். நெமோ சொல்லும் எடை 394.96 டன். அரை டன் கூட வித்தியாசம் இல்லை. ஆங்கிலப் பிரதியின் அடர்த்தியைப் போட்டுப் பாருங்கள், 35, 40 டன்னில் நிற்கும். அதே பக்கத்தில் அச்சாகியிருக்கும் 394-ஓடு ஒட்டவே ஒட்டாது. பெருக்கிப் பார்த்திருந்தால் அந்தத் தவறு அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

'நாளை வரப்போவதை அன்றே சொன்ன கதைகள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களையும் இப்படித்தான் அணுக வேண்டும். கதையில் எண் இருக்கிறதா, அந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, கதை வந்த ஆண்டில் அந்தப் பொருள் ஏற்கெனவே இருந்ததா. இந்த மூன்றையும் பார்க்காமல் 'தீர்க்கதரிசி' என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம்.

முதலில் அந்தத் தலைப்பு. 20,000 லீக் என்பது ஆழம் அல்ல. கடலுக்கு அடியிலேயே ஓடிய தூரம். வெர்னின் லீக் 4 கிலோமீட்டர். ஆக 80,000 கி.மீ., பூமியை இரண்டு சுற்று. ஆழம் என்று எடுத்துக்கொண்டால் பூமியைத் துளைத்து அந்தப் பக்கம் வெளியே வந்து, நிலாவுக்குப் போகும் வழியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்க வேண்டும்.

நீர்மூழ்கியை வெர்ன் கற்பனையில் கண்டுபிடித்தார் என்பதும் தவறு. கதை வெளிவரத் தொடங்கிய ஆண்டு 1869. 1863லேயே பிரெஞ்சுக் கடற்படை 'ப்ளோன்ஷர்' என்ற நீர்மூழ்கியைக் கடலில் இறக்கிவிட்டது. 40 மீட்டருக்கு மேல் நீளம். அழுத்திய காற்றால் ஓடியது. அதன் மாதிரி 1867 பாரிஸ் கண்காட்சியில் இருந்தது, வெர்ன் பார்த்தார். நாட்டிலஸ் என்ற பெயர்கூட 1800இல் ராபர்ட் ஃபுல்டன் பிரான்சில் கட்டிய நீர்மூழ்கியின் பெயர்தான். வெர்ன் சேர்த்தது வேறு. ப்ளோன்ஷருக்குக் காற்றுத் தொட்டிகள்தான் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டன, இருந்தும் சில கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியவில்லை. அங்கே மின்சாரத்தை வைத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். விளக்கு, சமையல், கடிகாரம், இயந்திரம் எல்லாமே ஒரே மூலத்திலிருந்து. எடிசனின் பல்பு வருவதற்குப் பத்து வருடம் முன்பு.

அதைவிட எனக்குக் கூர்மையாகப் படுவது கப்பல் கட்டிய விதம். அடிக்கட்டை பிரான்சில் ல க்ரூஸோவிலிருந்து, சுழலித்தண்டு லண்டனிலிருந்து, எஃகுத் தகடு லிவர்பூலிலிருந்து, சுழலி கிளாஸ்கோவிலிருந்து, இயந்திரம் ப்ரஷ்யாவில் க்ரூப்பிடமிருந்து, முன்முனைக் கொம்பு ஸ்வீடனிலிருந்து, கருவிகள் நியூயார்க்கிலிருந்து. ஒவ்வொன்றும் வெவ்வேறு பெயரில் ஆர்டர் போட்டு, ஆளில்லாத் தீவில் கொண்டுவந்து பூட்டியது. எந்தத் தொழிற்சாலைக்கும் தான் செய்வது எதற்கு என்று தெரியாது. இன்றைக்கு ஒரு கைபேசியைப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் ஊர்ப் பட்டியல் இதைவிட நீளமாக இருக்கும். ஆனால் இதை எந்த 'முன்கூட்டிச் சொன்ன' பட்டியலிலும் காணோம்.

ஆழத்தில்தான் வெர்ன் மாட்டிக்கொள்கிறார். நாட்டிலஸ் 16,000 மீட்டர் வரை இறங்குகிறது. முதல் சிக்கல், உலகத்தில் அவ்வளவு ஆழமான கடலே இல்லை. மரியானா பள்ளம் 11,000 மீட்டரைத் தொடாது. இரண்டாவது சிக்கல் ஓடு. 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 16,000 மீட்டரில் 1,600. அதாவது 160 மெகாபாஸ்கல். உருளைக்குச் சூத்திரம் எளிது: அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுக்க வேண்டும். 160-ஐ 4-ஆல் பெருக்கி 0.05-ஆல் வகுத்தால் 12,800 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமான எஃகு 250-இல் இளகிவிடும். ஐம்பது மடங்கு! இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அந்த ஓடு 300 மீட்டர் சொச்சம் வரை தாங்கும் என்று வரும். நடைமுறையில் அதற்கும் முன்பே ஓடு நெளிந்து உள்ளே மடங்கிவிடும். நெமோ சொல்லும் உள் ஓடு, இரண்டு ஓடுகளையும் இணைக்கும் 'டி' இரும்புகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஐம்பது மடங்கு ஈடாகாது.

இதே சூத்திரத்தைச் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் கலத்துக்குப் போடலாம். மூன்று பேர் உட்காரும் டைட்டானியக் கோளம், உள்விட்டம் 2.1 மீட்டர், தடிமன் 80 மில்லிமீட்டர், இலக்கு 6,000 மீட்டர். கோளம் என்றால் சூத்திரத்தின் கீழே 2 சேரும், அதாவது அதே தடிமனுக்குப் பாதிச் சுமைதான். 60 மெகாபாஸ்கலை 1.05-ஆல் பெருக்கி, 0.16-ஆல் வகுத்தால் 394. (நெமோவின் 394 டன் இங்கே மறுபடி எட்டிப்பார்ப்பது தற்செயல்.) இதற்குப் பயன்படும் வகை டைட்டானியக் கலவை 800-க்கு மேல் தாங்கும். இரண்டு மடங்கு காப்பு. ஆட்கள் உட்காரும் இடம் ஏன் சுருட்டு வடிவில் இல்லாமல் பந்தாக இருக்கிறது, ஆறு மீட்டர் அகல வரவேற்பறைக்குப் பதில் ஏன் முட்டி மடக்கி உட்கார வேண்டியிருக்கிறது என்பதற்கு விடை இந்த இரண்டு வரிக் கணக்கில் இருக்கிறது.

நெமோ யார் என்பது அடுத்த கதையில், 1875இல்தான் தெரியவரும்: புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், திப்புவின் உறவினர், 1857 கிளர்ச்சியில் குடும்பத்தை இழந்தவர். இந்தியர்! 2025 ஆகஸ்டில் இந்திய ஆய்வாளர்கள் இருவர் அட்லாண்டிக் கடலில் 4,025 மீட்டர், 5,002 மீட்டர் ஆழங்களுக்கு இறங்கிப் பயிற்சி பெற்றார்கள். இறங்கிய பிரெஞ்சுக் கலத்தின் பெயர் 'நோட்டீல்'. நாட்டிலஸ் என்ற உயிரினத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் அதுதான். இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்ல மாட்டேன். வெர்ன் படித்து வளர்ந்த பிரெஞ்சுப் பொறியாளர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மின்சாரம் எங்கிருந்து? அந்தக் காலத்து மின்கலத்தில் துத்தநாகம் கரையும். நெமோ அதற்குப் பதில் சோடியத்தைப் பாதரசத்தோடு கலந்து பயன்படுத்துகிறார். பாதரசம் தீராது, சோடியத்தைக் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். மின்னழுத்தம் துத்தநாகத்தைப் போல் இரு மடங்கு என்பதும் அவர் கணக்கு. திசை சரி, சோடியம் உண்மையிலேயே வலுவான மின்முனை. ஆனால் சோடியம் நீர் பட்டால் ஹைட்ரஜனைக் கக்கித் தீப்பிடிக்கும். அதைக் கப்பல் நிறைய ஏற்றிக்கொண்டு கடலுக்கடியில் போவது, பட்டாசுக் கிடங்கில் அடுப்பு மூட்டுகிற வேலை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் கல்பாக்கத்தில், வேக ஈனுலை வகை அணு உலைக்குக் குளிர்விப்பானாக 1,000 டன்னுக்கு மேல் திரவச் சோடியம். காரணம் வேறு: 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும், அதனால் அழுத்தம் ஏற்றாமலே வெப்பத்தைக் கடத்தலாம். பயம் மட்டும் அதேதான். நீராவிக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் சோடியமும் நீரும் சந்திக்கும். அதைப் பிடிக்கச் சோடியத்தில் ஹைட்ரஜன் கலக்கிறதா என்று சதா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெமோவின் கப்பலில் அப்படி ஒரு கருவி இல்லை.

நாட்டிலஸ் நம் வங்கக் கடலையும் கடக்கிறது. இரவில் கடல் முழுக்கப் பால் போல் வெளுத்துக் கிடக்கும் காட்சி வரும். நுண்ணுயிர்களின் ஒளி என்று விளக்குகிறார் வெர்ன். இன்றைய விளக்கம் பாக்டீரியா. 1995இல் சோமாலியாவுக்கு அப்பால் ஒரு கப்பல் கண்ட பால்கடலைப் பிற்பாடு செயற்கைக்கோள் படங்களிலேயே அடையாளம் கண்டார்கள். நம் கரையில் எப்போதாவது நீலமாகப் பளிச்சிடுவது அதுவல்ல, அது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி. வித்தியாசம் சுலபம். அலை உடையும் இடத்தில் மட்டும் மின்னி அணைந்தால் நாக்டிலூக்கா. கலங்காத நீரிலும் மணிக்கணக்கில் ஒரே சீராக வெளிச்சம் நின்றால்தான் பால்கடல். இரண்டாவதைக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு இல்லை, அது ஆழ்கடல் சமாச்சாரம்.

அங்கே உட்கார்ந்து பார்க்கக்கூடியது வேறொன்று: ராக்கெட் ஏவுதல். காந்தி சிலையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் சுமார் 200 கி.மீ. திசை, நேர் வடக்கிலிருந்து 12 டிகிரி கிழக்காக. அந்தத் தூரத்துக்குப் பூமியின் வளைவு மறைப்பது 3 கி.மீ. உயரம்தான். ஆனால் அடிவானத்தில் கட்டடமும் புகைமூட்டமும் இருக்கும். 5 டிகிரி மேலே வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும், அதற்கு ராக்கெட் 20 கி.மீ. ஏறியிருக்க வேண்டும். ஏவிய நொடியில் பார்த்து 'ஒன்றும் காணோமே' என்று திரும்பிவிடக் கூடாது. ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுத்து, வடக்கிலிருந்து கிழக்காகக் கண்ணை நகர்த்த வேண்டும். இரவு ஏவுதல், மேகமில்லாத வானம் இரண்டும் அமைய வேண்டும். சத்தம் வராது.

பீரங்கிக் குண்டுக்குள் ஆட்களை வைத்து நிலாவுக்குச் சுடும் வெர்னின் கதை 1865. ஏவுமிடம் ஃப்ளோரிடாவில் டாம்பா. அப்போலோ கிளம்பியதும் ஃப்ளோரிடாவிலிருந்துதான். இதற்குத்தான் எல்லாரும் கைதட்டுகிறார்கள். காரணத்தைப் பாருங்கள். நிலா தலைக்கு நேர் மேலே வருகிற இடமாக வேண்டும், அது 28 டிகிரி அட்சரேகைக்குள்தான் நடக்கும் என்பது வெர்ன் கணக்கு. பீரங்கியை நேர் மேலே நோக்கி நட வேண்டியிருந்ததால் அது தேவைப்பட்டது. அமெரிக்க மண்ணில் அந்த எல்லைக்குள் விழுவது ஃப்ளோரிடாவும் டெக்சாஸும்தான். நாசாவின் காரணம் அதுவல்ல. பூமி சுழல்கிற வேகம் நிலநடுக்கோட்டில் நொடிக்கு 465 மீட்டர், ஃப்ளோரிடாவில் 409, ஸ்ரீஹரிகோட்டாவில் 452. கிழக்கே ஏவினால் இந்த வேகம் இலவசம். கிழக்கே கடல் இருந்தால் கழன்று விழும் பாகங்கள் யார் தலையிலும் விழாது. விடை சரி, வழிமுறை வேறு. பள்ளி ஆசிரியர் பாதி மதிப்பெண் போடுவார். துருவச் சுற்றுப்பாதைக்கு மட்டும் ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு தொல்லை: நேர் தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே வரும், அதனால் வளைத்துப் போக வேண்டும், அந்த வளைவில் எரிபொருள் வீண். 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியது சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான்.

பீரங்கிக்கு மதிப்பெண்ணே கிடையாது. 900 அடி நீளம், 9 அடி வாய், 4,00,000 பவுண்டு வெடிபஞ்சு. அடிப்பகுதியை வெடிபஞ்சு அடைத்துக்கொள்வதால் குண்டு ஓட மிஞ்சுவது 700 அடி சொச்சம், சுமார் 213 மீட்டர். அதற்குள் நொடிக்கு 12,000 கெஜம், அதாவது 10,970 மீட்டர் வேகம் எடுக்க வேண்டும். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் கிட்டத்தட்ட 29,000 மடங்கு. 60 கிலோ ஆள் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு 1,700 டன் கனப்பார். வெர்னுக்கு இது தெரியாமல் இல்லை. தரைக்கடியில் மூன்றடி தண்ணீர் மெத்தை வைத்தார். அது ஒரு எறும்பைக்கூடக் காப்பாற்றாது. குழாய்க்குள் குண்டுக்கு முன்னால் அடைபட்டிருக்கும் காற்று மட்டுமே ஒன்றரை டன், அது விலக வழி ஏது? அப்போலோ வீரர்கள் ஏவுதலின்போது தாங்கியது 4 மடங்கு அளவுதான். நீளமாக, பல நிமிடம், மெதுவாகத் தள்ளுவதுதான் ராக்கெட்டின் சூட்சுமம்.

இன்னொரு பிழை, அந்த நிலாக் கதையின் தொடர்ச்சியில். வெர்னின் பயணிகள் பூமியின் இழுப்பும் நிலாவின் இழுப்பும் சமமாகும் ஒரு புள்ளியில் மட்டும் மிதப்பார்கள். உண்மையில் இயந்திரம் அணைந்த கணத்திலிருந்தே மிதக்க வேண்டும், கலமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால். இதே கதையில், தூக்கி எறிந்த நாயின் உடல் கலத்தோடு கூடவே வருவதைச் சரியாக எழுதியவர், அதே தர்க்கம் உள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதைக் கோட்டைவிட்டார். 1969 ஜூலை 23 அன்று, திரும்பி வரும் வழியில், ஆர்ம்ஸ்ட்ராங் தொலைக்காட்சி ஒளிபரப்பில் வெர்னை நினைவுகூர்ந்தார். பிழைகளை விட்டுவிட்டார், மரியாதை தெரிந்த மனிதர்.

பாரதியிடம் வருவோம். வராமல் இந்த ஊரில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. "காசி நகர்ப் புலவர் பேசும் உரைதான் காஞ்சியில் கேட்பதற்கோர் கருவி செய்வோம்." வானொலியை முன்கூட்டிச் சொன்னார் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். தொலைபேசிக்கு 1876லேயே காப்புரிமை கொடுத்தாயிற்று, 1901இல் மார்க்கோனியின் கம்பியில்லாச் செய்தி அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. செய்தித்தாள் நடத்தியவருக்கு இவை தெரியாமலா இருக்கும்? அந்த வரியின் பெருமை 'செய்வோம்' என்ற வினையில் இருக்கிறது, ஆரூடத்தில் இல்லை. சிங்களத் தீவுக்குப் பாலம் என்பதும் அதே பாட்டில்தான் வருகிறது, அது இன்னும் வரவில்லை.

கருவியைச் செய்யப் போனால் என்ன தடை? காசிக்கும் காஞ்சிக்கும் நேர்கோட்டில் 1,400 கி.மீ. நடுவழியில் பூமி ஏறக்குறைய 40 கி.மீ. புடைத்து நிற்கும், நேராகப் போகும் அலை முட்டிக்கொள்ளும். ஒரு வழி சிற்றலையை வானத்து அயனிமண்டலத்தில் மோதித் திருப்புவது. ஹாம் வானொலிக்காரர்கள் இந்தத் தூரத்துக்குப் பகலில் 14, இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போவார்கள். இன்னொரு வழி மேலே ஒரு கண்ணாடியை நிறுத்துவது. 1945 அக்டோபரில் ஆர்தர் சி. கிளார்க் எழுதியது அதைத்தான். அது கதை அல்ல, வானொலிப் பொறியாளர்களின் பத்திரிகையில் வந்த கட்டுரை. இதையும் நாவல் என்றே பட்டியலில் போடுகிறார்கள். பூமி மையத்திலிருந்து 42,000 கி.மீ. தூரம், மூன்று நிலையங்கள் போதும் என்ற கணக்கு அப்படியே நின்றுவிட்டது. தவறியது ஒன்று: வானொலிக் கருவிகளின் வால்வுகள் சுட்டுப் போகும், மாற்ற ஆள் வேண்டும், ஆகவே நிலையத்தில் மனிதர்கள் குடியிருக்க வேண்டும் என்று நினைத்தார். ட்ரான்சிஸ்டர் 1947இல் வந்து அந்த வேலையைப் பறித்தது.

அவர் கணக்கை மொட்டை மாடியில் தொட்டுப் பார்க்கலாம். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 நிற்பது 93.5 டிகிரி கிழக்கில். புதுச்சேரியிலிருந்து அதற்குத் திசை 130 டிகிரி, அதாவது தென்கிழக்கு. ஏற்றம் 69 டிகிரி. டிஷ் பார்வைக்கு அவ்வளவு வானம் பார்த்து இருக்காது. கொம்பு கீழிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆஃப்செட் வகை என்பதால், முகம் பார்க்கும் கோணத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்திலிருந்து அலையை வாங்கும். கையில் இருக்கும் திசைகாட்டியை இரும்புக் கைப்பிடி அருகே வைத்துப் பார்க்கக் கூடாது, முள் இழுபடும்; இரண்டு மீட்டர் தள்ளி நின்று தூரத்துக் கட்டடம் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றரை டிகிரி நகர்ந்தாலே சிக்னல் பாதியாகும். விளிம்பில் அது முக்கால் சென்டிமீட்டர்தான். 'தானே' புயல் மாதிரி ஒன்று அடித்தால் அதற்கு மேலேயே நகரும். ஐப்பசிக்கு முன் கம்பத்திலும் பிடிப்பிலும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பிறகு கோட்டோடு கோட்டைப் பொருத்திவிடலாம். கனமழையில் படம் போய், மழை விட்டதும் தானாக வந்தால் அது மழைத்துளி அலையை விழுங்குவது. போல்ட்டில் கை வைக்கவே கூடாது. வைத்தவர்கள்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

இனிப் போலிகள். 1863இல் வெர்ன் எழுதி, பதிப்பாளர் மறுத்து, 1994இல்தான் அச்சான பாரிஸ் கதையில் தொலைநகல் வருகிறது என்பார்கள். வருவது உண்மை. ஆனால் கசெல்லி என்ற இத்தாலியரின் கருவி என்று வெர்னே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். படம் அனுப்பும் தந்திக்கு முதல் காப்புரிமை 1843. டைட்டானிக்கைப் பதினாலு வருடம் முன்பே சொன்னதாகச் சுற்றும் 'டைட்டன்' கப்பல் கதைக்கு இரண்டு பதிப்பு உண்டு: 1898, 1912. கப்பல் மூழ்கிய பிறகு வந்த இரண்டாவதில் ஆசிரியர் கப்பலின் எடையையும் இயந்திரத் திறனையும் கூட்டிவிட்டார். ஒப்பீட்டு அட்டவணையில் எந்தப் பதிப்பின் எண் என்று கேட்டால் பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டார்கள். மிச்சம் இருக்கும் ஒற்றுமை, படகு போதாமை, பனிப்பாறை, ஏப்ரல், கப்பல்காரருக்குத் தெரிந்த ஆபத்துகள்தான். எழுதியவர் கப்பலில் வேலை பார்த்தவர்.

போலி இல்லாத ஒன்று எச். ஜி. வெல்ஸின் 1914 அணுகுண்டுக் கதை. இயற்பியல் தவறு: அவர் குண்டு வெடித்து முடியாமல் நாள்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். அதை 1932இல் படித்தவர் இயற்பியலாளர் லியோ சிலார்ட். 1933 செப்டம்பரில் லண்டனில், ஒரு நியூட்ரான் போய் இரண்டாகத் திரும்பினால் தொடர்வினை நடக்குமே என்று அவருக்குத் தோன்றியது. 1934இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1936இல் அதை ரகசியமாக வைக்கச் சொல்லி பிரிட்டிஷ் கடற்படையிடம் ஒப்படைத்தார். ரகசியம் வேண்டும் என்ற எண்ணமே, அது கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று கதையில் படித்திருந்ததால் வந்தது.

கடைசியாக, கடலூர் முதுநகர் துறைமுகத்தில் சொன்னால் உடனே புரியக்கூடிய ஒன்று. 1949இல் கார்ல் பார்க்ஸ் வரைந்த டொனால்ட் டக் படக்கதையில், மூழ்கிய படகுக்குள் பிங்பாங் பந்துகளை அனுப்பி மிதக்க வைப்பார்கள். 1964இல் குவைத் துறைமுகத்தில் ஆடுகளோடு கவிழ்ந்த கப்பலை, கார்ல் க்ரோயர் என்ற டென்மார்க்காரர் தெர்மாகோல் மணிகளைக் குழாய் வழியே செலுத்தித் தூக்கினார். வாத்துக் கதையால் அவருக்குக் காப்புரிமையே கிடைக்கவில்லை என்று கதை கட்டுகிறார்கள், பிரிட்டனில் கிடைத்தது. ஆனால் சட்டப்படி கேள்வி சரி: எங்கே அச்சில் வந்திருந்தாலும், படக்கதையாகவே இருந்தாலும், அந்த அம்சம் புதிது அல்ல.

பந்து கணக்கு இது. 40 மில்லிமீட்டர் பந்தின் கன அளவு 33.5 கன செ.மீ., எடை 2.7 கிராம். கடல்நீரில் ஒரு பந்து தூக்குவது 31.6 கிராம். நீருக்குள் ஒரு டன் கனக்கும் படகுக்கு 31,600 பந்து. கொட்டினால் இடைவெளியோடு சேர்த்து 1.65 கன மீட்டர். ஃபைபர் படகின் அறைகளில் தெர்மாகோலோ நுரையோ அடைத்து மூடுவதும் இதே வித்தைதான், மூழ்குவதற்கு முன்பே செய்து வைப்பது.

வேலையில் கெடுவது எங்கே? மணி மிதக்கும், கீழ்நோக்கிக் குழாயில் தானாக இறங்காது. தண்ணீரோடு கலந்து வேகமாகத் தள்ள வேண்டும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழி விட வேண்டும், ஆனால் அந்த வழி மணியைவிடச் சிறியதாக, வலை கட்டியதாக, கீழ்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே ஒரு மூடி விட்டுப்போனால் மணி பூராவும் அதன் வழியே ஏறி ஆற்றுமுகத்தில் பரவும். அதைப் பொறுக்கி எடுக்க ஆள் கிடைக்காது. ஆழம் கூடினால் தெர்மாகோல் நசுங்கித் தூக்கும் சக்தியை இழக்கும். எல்லாவற்றையும்விடச் சேறு. அடிப்பாகம் வண்டலில் புதைந்திருந்தால், எடைக்கு ஈடான மிதப்பு கொடுத்தும் படகு அசையாது, சேறு உறிஞ்சிப் பிடித்திருக்கும். ஒரு முனையை மட்டும் முதலில் தூக்கி, பிடிக்குள் தண்ணீர் புக விட வேண்டும். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தூக்கப் போய்ப் பிடி சட்டென்று விட்டால், படகு அம்பு மாதிரி மேலே வந்து கவிழும், மணியெல்லாம் வெளியே கொட்டும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.